லேயாள் பண்ணாத சத்தியம்

பீமநகரில் வந்து லேயாள் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. நர்ஸம்மா வீடு என்று கேட்டால் குதிரைவண்டிக்காரன் பேரம்கூடப் பேசாமல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். அவன் வீட்டிலும் இரண்டு பிள்ளைகளை அவள்தான் எடுத்திருப்பாள். குள்ளமான உருவம், வெள்ளைச் சேலை, கையில் ஒரு கறுப்புத் தோல் பை. மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பிரசவம் பார்க்கப் படித்து சர்டிபிகேட் வாங்கியவள். கோட்டைப் பக்கத்துப் பாய் வீடுகளில் ஆரம்பித்து, காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம், அதற்கும் மேற்கே மேலூர் வாழைத்தோட்டங்கள் வரைக்கும் அவளைக் கூப்பிட வண்டி வரும்.

கைராசிக்காரி என்று பெயர். வாய்தான் சரியில்லை என்பார்கள். திட்டுகிற வாய் என்று நினைத்துவிட வேண்டாம். வலியில் துடிக்கிற பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொழைச்சுக்குவேன்னு சத்தியமா சொல்லுங்கக்கா" என்று கெஞ்சுவாள். வேறு எந்த மருத்துவச்சியாக இருந்தாலும் ஒன்றுக்கு மூன்றாகச் சத்தியம் பண்ணிவிட்டு வேலையைப் பார்ப்பாள். லேயாள், "நான் கூட இருக்கேன்" என்பாள். அவ்வளவுதான். "சத்தியம்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்று எத்தனையோ மாமியார்கள் கேட்டிருக்கிறார்கள்.

வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பாள், வற்புறுத்திக் கேட்டால். ஆண்டவர் மலைமேல் உட்கார்ந்து ஜனங்களுக்குச் சொன்ன புத்திமதியில், எதன் பேரிலும் ஆணையிடாதீர்கள், உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வருகிறதல்லவா? அதை எல்லாக் கிறிஸ்தவர்களும்தான் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டுக் கோர்ட்டில் போய்ப் பைபிளைத் தொட்டுச் சாட்சி சொல்லிவிட்டும் வருகிறார்கள். லேயாளுக்கு மட்டும் அது ஏன் முள்ளாகத் தைத்தது என்றால், அவள் புருஷனால்.

சாமிதாஸ் ரயில்வேயில் வேலை பார்த்த நல்ல மனுஷன், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். ஆறு மணிக்கு மேல் கள்ளுக்கடை. மறுநாள் காலையில் எழுந்ததும் பைபிளை மடியில் வைத்து, வலது கையை அட்டைமேல் பதித்து, "இனிமே தொட்டேன்னா நான் மனுஷன் இல்லை, ஆண்டவர் மேல சத்தியம்" என்பான். நாலு வருஷம் குடித்தனம். அந்த வீட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததுண்டு, சத்தியத்துக்கு வந்ததே இல்லை. வயிறு வீங்கிச் சாகிற அன்றைக்குக் காலையிலும் ஒன்று பண்ணினான். அந்த ஒன்றைத்தான் காப்பாற்றினான். அடக்கம் முடிந்து வந்து பைபிளைக் கையில் எடுத்த லேயாள், அட்டையில் அவன் கை பட்டுப் பட்டுத் தேய்ந்துபோன இடத்தைப் பார்த்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன் வாயிலிருந்து அந்தச் சொல் வரவே கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். பக்தி என்றும் சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம். இரண்டும் சரிபாதி.

முப்பத்தாறாம் வருஷம் ஆவணியில் மேலூரிலிருந்து வண்டி வந்தது. வாழைத்தோட்டக்காரர் நல்லுசாமியின் மருமகள் அழகம்மாளுக்குத் தலைப்பிரசவம். அழகம்மாள் மணப்பாறைப் பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் பிறந்த வீட்டுக்குப் போகாமல் புருஷன் வீட்டிலேயே பிரசவம் என்று முடிவாகியிருந்தது. மாமியார் மாரியாயி இருக்கிறாளே, அவள் வாயில் மூன்று வார்த்தைக்கு ஒருமுறை சமயபுரத்தாள் வந்து போவாள். குழம்பில் உப்பு கம்மி என்பதைக்கூட ஆத்தா மேல் சத்தியம் வைத்துத்தான் சொல்லுவாள்.

காலை பத்து மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாரியாயிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு பொன் அரைஞாண் கொடி உண்டு. நல்லுசாமி இடுப்பிலும், பிறகு அவர் மகன் இடுப்பிலும் கிடந்தது. முப்பதாம் நாள்தான் குழந்தைக்குக் கட்ட வேண்டும் என்றாலும், பொறுக்க மாட்டாமல் அன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்து வந்து, குழந்தை கிடந்த முறத்தில் தலைமாட்டில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் முறம் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, கொடியைக் காணோம்.

வீடு இரண்டுபட்டது. வீட்டு மனுஷரை விட்டால் அறைக்குள் போய் வந்தவர்கள் மூன்று பேர்தான்: வீட்டு வேலைக்காரி, தீட்டுத்துணி எடுக்க வந்த வண்ணாத்தி, லேயாள். மத்தியானம், நாள் நெருங்கிய அக்காவைப் பார்த்துப் போக அழகம்மாளின் தம்பி வீரமலை பழத்தட்டோடு வந்தான். ஆனால் பிரசவ அறைக்குள் ஆண்பிள்ளை நுழையலாமா? நிலைப்படிக்கு வெளியே நின்று அக்காவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு மணப்பாறைக்குக் கிளம்பிவிட்டான். அவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

போலீசுக்குப் போகலாம் என்றான் மகன். நல்லுசாமி மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட வழக்கைத் தீர்க்க ஒரு முறை உண்டு. சந்தேகப்பட்டவர்கள் சமயபுரம் போய், ஆத்தா சந்நிதிக்கு எதிரே கற்பூரத்தைக் கொளுத்தி, "நான் எடுக்கலை" என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினவளை ஆத்தா பார்த்துக்கொள்வாள். வேலைக்காரி போய் அணைத்தாள். வண்ணாத்தி அழுதுகொண்டே அணைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று மாரியாயியும் அணைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, ஆகவே அழகம்மாளை யாரும் கேட்கவில்லை. பாக்கி லேயாள்.

நல்லுசாமி நியாயஸ்தர். தானே பீமநகருக்கு வந்தார். வரும்போது தெரிந்தவர் மூலம் சபையின் குருவையும் கூட்டி வந்தார். குருவை அங்கே எல்லோரும் ஐயர் என்றுதான் அழைப்பார்கள்.

"நர்ஸம்மா, எங்க கோயிலுக்கு நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும். வேணாம். உங்க வேதத்து மேல கை வச்சு, எடுக்கலைன்னு சத்தியமா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் நம்பிடுறேன்."

"நான் எடுக்கலைங்க" என்றாள் லேயாள்.

"அதையேதாம்மா சத்தியமா சொல்லச் சொல்றேன்."

"எடுக்கலைன்னு சொல்லிட்டேனே."

ஐயருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "ராஜாங்கக் கோர்ட்டுலயே நாம பண்றது இல்லையாம்மா? இதுல தோஷம் ஒண்ணும் இல்லை. சபைக்குக் கெட்ட பேர் வருது, பாரு" என்றார்.

"நான் சொன்னா அது பொய், புஸ்தகத்தைத் தொட்டுச் சொன்னா அது நிஜம்னா, தொடாம இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் என்னங்க ஐயா?" என்று கேட்டாள் லேயாள். குரல் உயரவில்லை, காது மடல் மட்டும் சிவந்திருந்தது. ஐயர் குடையை எடுத்துக்கொண்டார். நல்லுசாமி வாசல் வரை போய்த் திரும்பி, "இதுக்கு மேல நான் என்ன நினைக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? மூன்று பேரில் இரண்டு பேர் கற்பூரம் அணைத்துவிட்டார்கள், ஒருத்தி பைபிளைத் தொடவே பயப்படுகிறாள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. மாதத்தில் பத்து வண்டி வந்த ஸ்ரீரங்கம் பக்கத்திலிருந்து கார்த்திகைக்குள் ஒரு வண்டியும் வராமல் போயிற்று. அரணாக்கொடி நர்ஸ் என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். சபைக் கோயிலில் ஆராதனை மேஜைக்கு விரிக்கும் வெள்ளைத் துணியைச் சனிக்கிழமைதோறும் துவைத்து இஸ்திரி போட்டுத் தருவது பத்து வருஷமாக அவள் வேலை. ஒரு சனிக்கிழமை துணி வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வேறு யாரிடமோ போகிறது என்று தெரிந்தபோது லேயாள் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பைபிளை எடுத்து, புருஷன் தேய்த்த அதே இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். ஒரு சொல். சொல்லிவிட்டால் வண்டி வரும், துணி வரும். அந்த இடம் வழவழவென்று இருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

கஞ்சிக்கு வழி விட்டது கோட்டைப் பக்கம்தான். தோல் வியாபாரி கியாசுதீன் வீட்டில் அவர் மனைவி வஹீதாவுக்கு மூன்றாவது பிரசவம். கதை அவள் காதுக்கும் போயிருந்தது. "எடுத்திருந்தா மொத ஆளா ஓடிப்போய் சத்தியம் பண்ணியிருப்பீங்களே நர்ஸம்மா. எடுத்தவளுக்கு அதுல என்ன கஷ்டம்?" என்றாள். ஒன்றரை வருஷத்தில் லேயாளுக்கு நியாயம் சொன்ன ஒரே வாய் அதுதான். அன்றைக்கு அந்த வீட்டுப் பிரியாணியைக்கூட லேயாள் ஒரு கவளம் அதிகமாகச் சாப்பிட்டாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. இறங்கியவர் நல்லுசாமி. மேல்துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

"அழகம்மாளுக்கு நேத்து காலையில வலி கண்டது. இன்னும் ஆகலை. ரெண்டு மருத்துவச்சி கைவிட்டுட்டாங்க. நர்ஸம்மாதான் வேணும்னு அது அழுவுது. உங்களைக் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்லை."

லேயாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன், நன்றாக அலையட்டும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அந்தக் கணத்திலேயே கை பையைத் தேடி எடுத்துவிட்டது. பாலத்தில் வண்டி ஓடும்போது, இந்த வேலையை ஏன் செய்கிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். பகைத்தவனுக்கும் நன்மை செய் என்று வேதத்தில் இருப்பதாலா, வண்டி திரும்ப வந்துவிட்டது என்ற குஷியாலா? தெரியவில்லை. குழந்தை எப்படிக் கிடக்கிறதோ என்று கவலை வந்ததும் அந்த யோசனை விட்டுப்போயிற்று.

அறையிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பினாள். மாரியாயி மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆத்தாளை அழைத்துக்கொண்டிருந்தாள். அழகம்மாள் முகம் வெளிறிப் போயிருந்தது. லேயாளைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

"அக்கா, ஆத்தா என்னைக் கேக்குறா. அன்னிக்கு அந்தக் கொடியை எடுத்தது நான்தான். எங்கம்மா மணப்பாறையில ரத்தமா கக்கிக்கிட்டுக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வழியில்லை. தம்பி வாசல்ல நிக்கும்போது பழத்தட்டுல போட்டுக் குடுத்தனுப்பிட்டேன். அம்மாவும் பொழைக்கலை. உங்க தொழிலைக் கெடுத்தேன். அதுக்குத்தான் ஆத்தா இப்படி வதைக்கிறா."

லேயாள் அழகம்மாளின் வயிற்றின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாகத் தேடின விடை இப்படிக் கைக்கடியிலேயே கிடக்கும் என்று நினைக்கவில்லை. கோபம் பொசுக்கென்று ஏறியது. பிள்ளை தவித்துக்கொண்டிருக்கும்போது கோபத்தை எங்கே வைப்பது?

"ஆத்தா ஒண்ணும் கேக்கலை. பிள்ளை குறுக்கே கிடக்கு. அதைத் திருப்பணும். மூச்சை அடக்காதே."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை வெட்டி விட்டுடுவாங்க. என் மூத்தவனைப் பிடுங்கிக்குவாங்க."

"சொல்ல மாட்டேன்."

சத்தியமா என்று அவள் கேட்கப்போகிறாள் என்று லேயாள் காத்திருந்தாள். அழகம்மாள் கேட்கவில்லை. கெட்டியாகப் பிடித்திருந்த கையைத் தளர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் உடம்பு இளகிக் கொடுத்தது. ஒன்றரை மணி நேரம் போராடி லேயாள் பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

கொல்லையில் மாரியாயி செம்பில் தண்ணீர் மொண்டு லேயாள் கையில் ஊற்றினாள். இரண்டாவது செம்பை ஊற்றும்போது மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள என்னமோ சொல்லி அழுதாளே. என்ன சொன்னா?"

"அது எனக்குச் சொன்னது, பெரியம்மா."

"அந்தக் கொடியை எடுத்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பெண்ணின் குடும்பத்தைக் காப்பாற்றுகிற பொய். கேட்பவரெல்லாம் நல்ல பொய் என்றே சொல்லியிருப்பார்கள். லேயாளின் நாக்கு அதற்குப் பழகவில்லை.

"தெரியும்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

மாரியாயியின் கையில் செம்பு சாய்ந்தது. தண்ணீர் முழுவதும் லேயாளின் காலில் கொட்டியது. கிழவி பிரசவ அறையின் ஜன்னலைப் பார்த்தாள், லேயாளைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் லேயாள் தன்னையே திட்டிக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தெரியும் என்ற ஒரே சொல்லில் காட்டிக்கொடுத்தாயிற்று. ஆண்டவர் கேட்டது இதையா? உண்மை பேசுகிறேன் பேர்வழி என்று ஒரு பச்சை உடம்புக்காரியைத் தெருவில் நிறுத்தினால் அந்த உண்மையை எந்த உலையில் போட? அன்றைக்கு ஜெபத்தில் உட்கார்ந்து, "நான் என்ன செஞ்சிருக்கணும், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். மேலூரிலிருந்து யார் வந்தாலும், அழகம்மாளை மணப்பாறைக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்கத் துணிவில்லாமல், வாழைத்தார் விலையைக் கேட்டாள்.

முப்பதாம் நாள் காலையில் வண்டி வந்தது. பிள்ளைக்குக் கொடி கட்டுகிறார்கள், பெரியம்மா கையோடு கூட்டி வரச் சொன்னாள் என்றான் வண்டிக்காரன். ஜனத்துக்கு நடுவில் நிறுத்தி வாயைப் பிடுங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று லேயாளுக்குத் தோன்றியது. இருந்தாலும் வண்டியில் ஏறினாள். போகாமல் இருந்தால் அழகம்மாள் தனியாக மாட்டிக்கொள்வாள்.

வீடு நிறைய உறவு. அழகம்மாள் நடுக்கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், மூத்தவன் மடியில், சின்னது தொட்டிலில். அனுப்பிவிடவில்லை. அந்த மட்டில் லேயாளுக்கு மூச்சு வந்தது. தாம்பாளத்தில் புதிதாகச் செய்த பொன் கொடி. முதல் பிள்ளைக்கு வெள்ளியில் கட்டிவிட்டு, பெண் பிள்ளைக்குப் போய்ப் பொன்னா என்று உறவில் முணுமுணுப்பு. கொடி கட்டுவது அத்தை முறை. நல்லுசாமியின் மகள் செல்லக்கிளி பட்டுப்புடவையோடு கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

மாரியாயி தாம்பாளத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. கூடத்தைக் குறுக்கே கடந்து வந்து, வாசல் ஓரமாக நின்ற லேயாளிடம் நீட்டினாள்.

"கட்டி விடுங்க. நேரமாகுது."

"என்னம்மா இது?" என்று செல்லக்கிளி கத்தினாள். "பழைய கொடி எங்க போச்சுன்னு ஊருக்கே தெரியும். இவ கையிலயா? இவ எடுக்கலைன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணிச் சொல்லு பார்ப்போம்."

எல்லோரும் மாரியாயியின் வாயைப் பார்த்தார்கள். உப்புக்கும் புளிக்கும் சத்தியம் பண்ணுகிறவள்; இதற்குப் பத்துச் சத்தியமாவது வரும்.

"எடுக்கலை" என்றாள் மாரியாயி.

"அப்ப எடுத்தது யாரு? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

அழகம்மாள் மூத்தவனின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிள்ளை பெற்ற உடம்பு, வேர்க்கிறது போல என்று யாரோ விசிறி தேடினார்கள். நல்லுசாமி மனைவியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்திக்கு இலை போடச் சொல்லிவிட்டார்.

லேயாள் தொட்டிலுக்குக் கீழே மண்டியிட்டாள். நானூறு பிள்ளைகளின் தொப்புள்கொடியை அறுத்த கையில் அந்தச் சின்னக் கொக்கி இரண்டு முறை நழுவிப்போயிற்று. கண்ணை மறைத்த தண்ணீரைத் துடைக்கவும் கை ஒழியவில்லை. மாரியாயி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"கொக்கியை நல்லா அழுத்தி விடுங்க நர்ஸம்மா" என்றாள். "இதுவும் காணாமப் போனா, திரும்பக் கற்பூரம் அணைக்க என் கையில தோல் இல்லை."